ரோம் கவர்னரின் வீடும் எடிசன் ரயிலும்

எடிசனிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயிலில் அவர் என் பக்கத்து சீட். வழுக்கைத் தலை, கசங்காத சட்டை, மடியில் ரோமானியர் வரலாறு. மன்ஹாட்டனுக்கு முந்தைய சுரங்கப்பாதை நெருங்கும்போது ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டுவார்.

ஒருநாள் சொன்னார்: "ரோம்ல கவர்னரேதான் படைத் தளபதியும். வீடு, ஆபீஸ் ரெண்டும் ஒரே கட்டடம். ஒரு ரூம்ல படை அதிகாரிங்க, அடுத்த ரூம்ல சம்சாரம்."

"அப்ப நிம்மதிக்கு எங்க போவாரு அங்கிள்?"

"போருக்கு."

சிரித்தேன். "நல்லவேளை, உங்க ஆபீஸ் மன்ஹாட்டன்ல இருக்கு."

"அதை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாருக்கும் வொர்க் ஃப்ரம் ஹோம். ஆன்ட்டியைப் பார்த்தா சொல்லிடாதப்பா."

சுரங்கம் வந்தது. குனிந்து லேஸை அவிழ்த்தார். மன்ஹாட்டனில் இறங்கி அவர் எந்தப் பக்கம் படையெடுக்கிறார் என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.