ராகு காலத்தில் மட்டும் வந்த மெயில்

அண்ணாமலையார் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்து பொய்யா இருந்தா என் நாக்கு அழுகட்டும். லாட்ஜில் மெயில் பார்க்கிறவன் மனுஷனை நம்பக் கூடாது, கம்ப்யூட்டரை அதைவிட நம்பக் கூடாது. ஒரே மெயிலை மூணு கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு அவதிப்படுகிற உங்களுக்கு நான் சொல்லணுமா?

மச்சான் வாழ்த்து

எங்கள் லாட்ஜ் அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையிலேயே இருக்கு. முதலாளியின் மச்சான் மாசம் பூரா பௌர்ணமி வாழ்த்தாக மெயிலில் அனுப்பித் தள்ளுவார். ஒரு நாள் வந்த பாரத்தில் ரிசப்ஷன் மேசை ஒரு பக்கம் சாய்ந்தே போச்சு. வேணும்னா வந்து பாருங்க, இன்னும் கோணலாத்தான் நிக்குது.

ரிசப்ஷனில் உட்கார்கிறவன் நான்தான், பொறுக்க முடியாமல் அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் ஒரு ரூல் போட்டேன். 'பௌர்ணமி'ன்னு எந்த மெயிலில் இருந்தாலும், அதே மெயில் வர்ற மாடி, ஆபீஸ் கம்ப்யூட்டர் ரெண்டும் பார்க்கிறதுக்கு முன்னாடியே விழுங்கி, 'சாமி' என்ற பெட்டியில் போட்டுடும். நாலு நாள் கழித்து மச்சான் வந்து, வாழ்த்தெல்லாம் பார்க்கிறேனா என்று கேட்டார். தினமும் என்றேன்.

"அதான் பெருசு, உன் மூஞ்சில ஒரு களை வந்துருக்கு."

சிங்கப்பூர்க்காரனும் பஞ்சாங்கமும்

ரெண்டு வாரத்தில் பௌர்ணமிக்கு ரூம் கேட்கிற மெயில் நின்னு போச்சு. சுத்தமா நிக்கலை, ராகு காலத்தில் மட்டும் வந்தது. திங்கள்னா காலை ஏழரைக்கு, செவ்வாய்னா மதியம் மூணுக்கு. சிங்கப்பூர்க்காரன்கூட நம்ம பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் எழுதினான். முதலாளி மேசையில் ஓங்கி அடித்தார்.

"எவனோ சூனியம் வெச்சிருக்கான். இல்லன்னா எவளோ திருடுறா."

எவளோ

அந்த எவளோ, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து புக்கிங் பார்க்கிற தேன்மொழி. எதிர் லாட்ஜுக்கு மெயிலைத் தள்ளிவிடுகிறாள் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். அவள் போனில் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் இன்னும் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமைக்குள் ரூம் நிறையாவிட்டால் அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காவல் போட்டோம். மாடி கம்ப்யூட்டரில் முதலாளி, ஆபீஸில் மச்சான், ரிசப்ஷனில் நான். ஒருத்தரை ஒருத்தர் கண்ணாடிக் கதவு வழியாக முறைத்துக்கொண்டே இருந்தோம். நான் போட்ட ரூல் எனக்கே மறந்துபோய், மனசாரத் தேன்மொழியைச் சந்தேகப்பட்டேன். அவள்தான் அழாமல் கேட்டாள்.

"மத்த நேரத்துல செய்யாதது, ராகு காலத்துல மட்டும் நாம இன்னா செய்றோம்?"

நல்ல நேரம்

ஒண்ணே ஒண்ணு செய்கிறோம். வாசலைப் பார்த்து இருப்பது ரிசப்ஷன் கம்ப்யூட்டர்தான், கெடுதல் அது வழியா நுழையும் என்று ராகு காலத்தில் அதை அணைத்து வைப்பது முதலாளி உத்தரவு.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு, நல்ல நேரத்தில், முதலாளி கண் எதிரிலேயே தேன்மொழி அதை அணைத்தாள். கால் மணியில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏழு புக்கிங் வந்து விழுந்தது. அந்தக் கம்ப்யூட்டர் ஓடினால்தான் என் ரூலும் ஓடும். மறுபடி போட்டு 'சாமி' பெட்டியைத் திறந்தாள். மச்சான் வாழ்த்துகளுக்கு நடுவில் ஒரு ஊரே ரூம் கேட்டு மூச்சு முட்டிக் கிடந்தது.

இந்த ரூலை யார் போட்டது என்று முதலாளி கேட்டார். நான் குனிந்து மேசையின் கோணலைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். தேன்மொழி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரு போட்டாங்கன்னு தெரியலைங்க. இனிமே மூணு கம்ப்யூட்டர் ரூலும் நானே பாத்துக்கறேன். பெரியவரு பஸ் ஸ்டாண்டுல நின்னு ஆள் கூப்பிடட்டும், அவருக்கு வாய் நல்லா வரும்."

ஆக, எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்ட லாட்ஜில், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். இதை யார் சொன்னதுன்னு எவனாவது கேட்டா, பஸ் ஸ்டாண்டுல யாரோ பேசிக்கிட்டாங்கன்னு சொல்லிடுங்க, என் பேர் மட்டும் வேணாம்.