வேங்கைமாறனைக் கைவிட்டவர்கள்

2019 ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை. கடலூர் பஸ் நிலையத்தில் ஜோசப் சென்னை வண்டி ஏறினான், அங்கிருந்து கத்தார். வண்டி கண்ணை விட்டு மறையும்வரை அம்மா சவரியம்மாள் நின்றாள். தங்கை பெலிசியா அவள் கையைப் பிடித்திருந்தாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

பெலிசியாவுக்குச் சிதம்பரத்தில் வேலை. பல்கலைக்கழக மாணவர்களுக்கு தீசிஸ் டைப் அடித்துத் தரும் கடை. போக வர பஸ்ஸில் கழியும் நேரத்தில் செல்போனில் ஒரு தொடர்கதை எழுதினாள். நாட்டை விட்டுப் போன இளவரசன் வேங்கைமாறன், யாளிப் படை, தொலைதூரத்தைக் காட்டும் மாயக்கண்ணாடி. நூற்று நாற்பது அத்தியாயங்களில் அவன் ஊர்களைக் கொளுத்தினான், நண்பனைக் காட்டிக்கொடுத்தான். ஆறாயிரம் பேர் விடாமல் படித்தார்கள். ‘எங்க மாறன்’ என்றார்கள்.

2022 ஜனவரியில் சவரியம்மாள் இறந்தாள். ஜோசப் லீவு கேட்கவில்லை. கல்லறையில் முதல் பிடி மண் மூத்த மகன் போடுவது வழக்கம். பங்குச் சாமியார் காத்திருந்தார். பெலிசியா வீடியோ காலில் போனைக் குழிக்கு மேல் நீட்டினாள்.

“அண்ணா, ஒரு வார்த்த சொல்லு. ஒனக்காக நான் போடறேன்.”

திரை அணைந்தது. சிக்னல் இல்லை என்று எல்லோரிடமும் அவளே சொன்னாள்.

அடுத்த அத்தியாயத்தில் தாயின் சிதை தெரியும்போது மாறன் கண்ணாடியைக் கவிழ்த்தான். வாசகர்கள் கொதித்தார்கள். பெலிசியா பதறிப்போனாள். முகம் தெரியாத அத்தனை பேர் அவனை மன்னித்தால் தன்னாலும் அண்ணனை மன்னிக்க முடியும் என்று நம்பியிருந்தாள். மூன்று அத்தியாயங்களுக்குக் காரணங்களாக அடுக்கினாள்: எல்லையில் போர், கொடுத்த வாக்கு, அடக்கிய அழுகை. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் பேர் கழன்றுகொண்டார்கள்.

கடையில் பக்கத்து சீட்டில் டைப் அடிக்கும் அருள்மொழியும் வாசகிதான்.

“என்னாக்கா, ஒன் ஆளுக்கு வக்கீலா சேந்துட்டியா?”

“அவன் நெலம அப்படிடீ.”

“ஊரக் கொளுத்துனப்ப நீ சாக்கு சொல்லல, நாங்களும் கூடவே போனோம். இப்ப அவன் வாயே தொறக்கல, நீதான் ஜாஸ்தி பேசற. அம்மா செத்தத வுட அவன் பேரு கெடக்கூடாதுன்றதுதான் ஒனக்குப் பெருசா இருக்கு.”

பெலிசியா யாருடைய தீசிஸுக்கோ நன்றியுரை அடித்துக்கொண்டிருந்தாள். அன்று பஸ்ஸில் போனை எடுக்கவில்லை. கதை அதோடு நின்றது.

2024 நவம்பரில் ஒரு மதியம் ஜோசப்பிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

“ஒன் கதைய முழுசா படிச்சேன் பெலி. கடைசி மூணு அத்தியாயத்த எடுத்துடு. நான் அழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்கி ரூமுக்கு பிரியாணி வந்துச்சு, சாப்புடக் கூப்ட்டாங்க. கட் பண்ணிட்டேன்.”