கம்பியில் தொங்கிய சட்டை

ஆற்றோரக் கம்பியில் ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு மாலை அதைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். சிரம்பானில் இந்த ஆற்றை மூடி அதன்மேல் நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். இப்போது அந்தச் சாலையை உடைத்து, தண்ணீரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இரு கரையிலும் புல்லும் மரமும் வைத்துப் பூங்காவாக்கிவிட்டார்கள். ஊரே வந்து காற்று வாங்குகிறது. என் மனைவிக்கு இந்த இடம் என்றால் உயிர். எனக்கு மட்டும் இங்கே வரவே பிடிக்காது.

அந்தச் சாலைக்கு அடியில் இறங்கிச் சேறு அள்ளியவன் நான். தலைக்கு மேலே லாரிகள் ஓட, இருட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நிற்போம். எங்களை வேலை வாங்கிய மண்டோர், பெடாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவர். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு நிறுத்தி ஆள் எண்ணுவார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஆனால் இருட்டில் தலையை எப்படி எண்ணுவது? அதனால் இறங்குமுன் ஒவ்வொருவரும் சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட வேண்டும். ஏறி வந்ததும் அவனவன் சட்டையை அவனவனே எடுக்க வேண்டும். "சட்டை தொங்குனா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். அடுத்தவன் சட்டையில எவனும் கைய வைக்கக்கூடாதுலா" என்பார். மலையில் மழை கொட்டினால், ஊரில் தூறல் விழுமுன்பே ஆறு பொங்கிவிடும். அந்தப் பயம் அவருக்கு.

ஒருநாள் நான்தான் முதலில் ஏறி வந்தேன். தூறல் தொடங்கியது. நனைந்துவிடுமே என்று எல்லாச் சட்டைகளையும் வாரி லாரிக்குள் போட்டேன். பாழாய்ப்போன புத்தி! மற்றவர்கள் பின்னாலேயே ஓடி வந்து லாரிக்குள் அவரவர் சட்டையை எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஏறிய மண்டோர் வெறுங்கம்பியைப் பார்த்துவிட்டு, "சரி, வண்டிய எடு" என்றார். அப்போதுதான் பார்த்தேன், நீலக்கட்டம் போட்ட ஒரு சட்டை மிஞ்சிக் கிடந்தது. எங்களோடு சேறு அள்ளிய என் மனைவியின் அண்ணனுடையது.

நான் போட்ட அலறலில் மண்டோர் திரும்ப இறங்கினார். தண்ணீர் செம்மண் நிறத்தில் இடுப்புக்கு வந்துவிட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன், அவ்வளவுதான். பக்கக் கால்வாயில் மாட்டிக்கொண்ட மச்சானை அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். மச்சானுக்கு மூச்சு வந்ததும் மண்டோர் கேட்டது ஒரே கேள்வி: "சட்டைய எடுத்தது எவன்டா?" நான் வாயைத் திறக்கவில்லை. "கம்பிய நம்பி ஆள எண்ணாம விட்டது என் தப்புதான்" என்று அவரே மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். அவர் வேலை போய்விட்டது. அவர் சாகும்வரை, எதிரே வருவதைக் கண்டால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

ஞாயிறன்று மலைப்பக்கம் கறுத்திருந்தது. தூறல் விழுந்தது. "ஐயோ, யாரு சட்டையோ, நனையுதே" என்று என் மனைவி கையை நீட்டினாள். அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தேன்.

"தொடாத! அந்த ஆளு வரட்டும்."

"என்னங்க, ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க?"

"அன்னிக்கு ஒங்க அண்ணன் சட்டைய எடுத்தது நான்தான்" என்றேன்.

அவள் என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். சட்டை நனைந்துகொண்டிருந்தது. அதை எடுக்க இன்னும் யாரும் வரவில்லை.