கட்டிலுக்கு அடியில் ஊறிய பூக்கள்

தொண்ணூறுகளின் நடுவில் என் மூக்கு போயிற்று. போயிற்று என்றால், முகத்தில்தான் இருந்தது. வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டது. அப்போது நான் மராத்தி ஊரான கசார்வாடியில் ஒரு குரோமியப் பூச்சுப் பட்டறையில் மேற்பார்வையாளன். மோட்டார் சைக்கிள் சைலன்சர்களையும் ஹேண்டில்பார்களையும் அமிலத் தொட்டியில் முக்கிப் பளபளப்பாக்கி அனுப்புவோம். தொட்டியிலிருந்து எழும் ஆவியை ஒரு கைக்குட்டையை நம்பி வருடக்கணக்கில் சுவாசித்ததில் மூக்கின் நடுச்சுவரில் துளை விழுந்துவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல எங்கள் ஊர்க் கிளி ஜோசியர் போதுமே என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. நாக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, காரம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ரயில் நிலையத்துக் கழிப்பறையை நிம்மதியாகக் கடந்து போகலாம். மழைக்காலத்தில் காயாத சாக்ஸோடு பட்டறையில் பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடமும் முகம் சுளிக்காமல் பேசலாம். இதையெல்லாம் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை.

அவள் கவலை வேறு. கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து சிஞ்ச்வட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. எங்கள் வீடு இரண்டாம் மாடி. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், கீழ்ப்படியில் கால் வைத்ததுமே மூக்கை உறிஞ்சிவிட்டு, "கொள்ளுப் பருப்பு!" என்றோ "அரிசிம்பருப்பு!" என்றோ கத்துவேன். அநேகமாகச் சரியாக இருக்கும். மேலே கதவு திறக்கும். அவள் கரண்டியோடு நிற்பாள். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். இந்தியும் மராத்தியும் தெரியாமல் நாள் முழுக்க வாய்மூடிக் கிடந்தவளுக்கு, படியிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தைதான் ஊர். மூக்கு போன பிறகு பழக்க தோஷத்தில் ஒருநாள் "ரசம்!" என்று கத்தினேன். அவள் உப்புமா கிண்டியிருந்தாள். அதற்குப் பிறகு நான் சத்தமில்லாமல் படியேறத் தொடங்கினேன். "அந்தக் குரலை இன்னொரு தடவ கேட்டாப் போதுமுங்க, எனக்கு வேறொண்ணும் வேண்டாம்" என்று நேராகவே சொன்னாள்.

கற்பூரம் கொளுத்திக் காட்டினாள். பெருங்காயத்தைப் பொடித்துத் துணியில் முடிந்து தந்தாள். யூகலிப்டஸ் மாத்திரைகளை வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். எதற்கும் மூக்கு மசியவில்லை. ஒருநாள் வாய்தவறி, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று கேலி செய்துவிட்டு, அன்று மாலை முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். எனக்கு அதில் வருத்தம் எதுவுமில்லை. பழமொழி பொருத்தமாகத்தான் இருந்தது.

கீழ்த்தளத்தில் கோவாக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். என் மனைவிக்கு இந்தி சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கிறிஸ்துமஸுக்காக ரோஜா இதழில் ஒயின் போடுவார். ஜாடியைத் திறந்தால் மாடிப்படி முழுக்க மணக்கும், பூவை அப்படியே முகர்ந்தால்கூட அத்தனை வராது என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு கனமான வாசம் என்றால் எந்த அடைப்பையும் உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்பது அவள் கணக்கு.

அவள் பிறந்த வீட்டில் சாராயம் என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒயின் என்ற பேச்சே எழவில்லை. "அரிஷ்டமுங்க. நாட்டு மருந்துக் கடையில வாங்கறதில்லைங்களா, அதுவும் ஊற வெச்சதுதானே" என்றாள். மாங்காய் ஊறுகாய் ஜாடி ஒன்று காலியானது. சமையலறையில் சாமி அலமாரி இருப்பதால் அங்கே வைக்கக் கூடாது என்று கூடத்துக் கட்டிலுக்கு அடியில் அதற்கு இடம் கொடுத்தாள்.

முதல் வருடம் பன்னீர் ரோஜா. எங்கள் குடியிருப்புச் சொசைட்டித் தோட்டத்துச் செடிகளிலிருந்தும் பால்கனித் தொட்டிகளிலிருந்தும் விடியற்காலையில் பறித்துச் சேர்த்தாள். இதழ்களை மட்டும் ஆய்ந்து, கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு கைப்பிடி கோதுமை, பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட் எல்லாம் சேர்த்து வாயைத் துணியால் கட்டினாள். தினமும் மரக்கரண்டியால் கிளறினாள். இரண்டாம் நாளிலிருந்து ஜாடி உள்ளே முணுமுணுத்தது. நுரை அடங்கியதும் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றிச் சில மாதம் வைத்திருந்தாள். எங்களிடம் கண்ணாடி டம்ளர் கிடையாது. காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான் அரிஷ்டம் வந்தது.

"ஏனுங்க, வாசம் வருதுங்களா?"

"வர்ல."

"நல்லா இழுத்துப் பாருங்க."

"இழுத்தாச்சு. காத்துதான் வருது."

இனிப்பும் லேசான துவர்ப்பும் இருப்பதாகச் சொன்னேன். அவள் டம்ளரை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ரோஜா அப்படியே வந்தது என்பது முகத்தில் தெரிந்தது. குடிக்கவில்லை. டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வருடம் குண்டுமல்லி. அதற்கும் அதே கேள்வி, அதே பதில். அதன்பின் கசார்வாடிச் சாலையோர மரங்களுக்கு அடியில் பழைய சேலையை விரித்து, வேப்பம்பூ உதிர்த்துக் கொண்டுவந்தாள். அந்தச் சரக்கு எத்தனை சர்க்கரை போட்டும் வாயில் வைக்க முடியவில்லை. இது மூக்கு இருக்கிறவனுக்கும் தண்டனைதான் என்றேன். அன்று மட்டும் சிரித்தாள்.

என் பதில் மாறாததுதான் கோவாக்காரப் பெண்மணிக்குக் கோபம். ஒருநாள் படியில் என்னை மறித்துக்கொண்டு, "பாய்ஸாப், ஏக் பார் ஹாங் போல் தோ!" என்றார். ஒருமுறை ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் வாதம். சொல்லியிருக்கலாம்தான். இரும்புக்கு மேல் பளபளப்பு ஏற்றுவது பகல் முழுக்க என் பிழைப்பு. அதையே வீட்டுக்குள்ளும் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, ஆமாம் என்றால் அவள் நம்பிவிடுவாள். மறுநாள் கீழ்ப்படியில் நான் என்ன கத்துவது?

இப்படியே சில வருடங்கள் போயின. பட்டறையில் என்னைத் தொட்டியிலிருந்து மாற்றி, சரக்கு அனுப்பும் பிரிவில் போட்டார்கள். புது நூற்றாண்டு பிறந்தது. எங்கள் தெருவில் பழைய பங்களாக்களை இடித்துக் கட்டடங்கள் எழுப்பினார்கள், பூச்செடிகள் குறைந்தன. சொசைட்டி ரோஜாக்களுக்கு மருந்தடிக்கத் தொடங்கியிருந்ததால் அவற்றையும் தொட முடியவில்லை. இத்தோடு அரிஷ்டம் முடிந்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கி எழுவதற்குள் அவளும் கோவாக்காரப் பெண்மணியும் லோக்கல் ரயிலில் ஏறித் தளேகாவ் பக்கத்துக் குன்றுக்குப் போய்விட்டார்கள். மதியம் இரண்டு பைகளோடு திரும்பினார்கள். உள்ளே புரசம்பூ. இங்கே பளஸ் என்கிறார்கள். இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும் மரத்தில் செக்கச்செவேலென்று பூக்கும். ஹோலிக்கு இதைக் கொதிக்க வைத்துத்தான் சாயம் எடுப்பார்கள்.

பை தூக்கிய களைப்போடு கோவாக்காரப் பெண்மணி என்னிடம் புகார் சொன்னார். இந்தப் பூவுக்கு மணமே கிடையாது, ரயிலில் போகும்போதும் சொன்னேன், மரத்தடியிலும் சொன்னேன், உங்கள் மனைவி காதிலேயே வாங்கவில்லை என்றார். நான் அவளைப் பார்த்தேன். கீழே உட்கார்ந்து பூக்களின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அசதியில் எதையாவது செய்கிறாள், செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழை பிடித்த பிறகு ஒரு சாயங்காலம் பாட்டிலைத் திறந்தாள். வழக்கமாக ஒரு டம்ளர்தான் வரும். அன்று இரண்டு டம்ளர்கள் வந்தன. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"வாசம் வருதுங்களா?"

"வர்ல."

தன் டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்து நிதானமாக இழுத்தாள். இன்னொரு தடவையும் இழுத்தாள்.

"பூ வாசம் எனக்கும் வர்லீங்க" என்றாள். "புளிச்ச வாசம்தான் கொஞ்சூண்டு. அது போனாப் போகட்டும்."

பிறகு எடுத்துக் குடித்தாள். அவள் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். என் மூக்கை மீட்கும் ஆசையை அவள் விட்டுவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூக்கு போனபோது வராத துக்கம் அன்றைக்கு வந்தது. அத்தனை வருடமும் அவள் ஒருத்தியாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்திருந்தாள், அதையும் மணமே இல்லாத பூவாகத் தேடி, எனக்கு வலிக்காத இடமாகப் பார்த்து. என் டம்ளரை ஒரே மடக்கில் குடித்து இருமினேன். அரிஷ்டம் புரையேறிவிட்டது என்று சொன்னேன். அவள் முதுகில் தட்டினாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது படிக்கட்டெல்லாம் ஈரம். குடையை மடக்கிக்கொண்டு கீழ்ப்படியில் கால் வைத்தேன். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கட்டடம் முழுக்கக் கேட்கும்படி இரண்டாம் மாடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"கொள்ளுப் பருப்புங்கோ!"

"தெரியுது, தெரியுது" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே ஏறினேன்.