ஸ்கேல் அக்கா மாற்றிய நிறம்

நகராட்சித் திட்டப் பிரிவில் அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வரைவாளராகச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகியும் ஒரே மர ஸ்கேலைத்தான் வைத்திருந்தாள். கோடு போட, ஃபைல் கட்டுக்குள்ளிருந்து பல்லியை விரட்ட, யாரும் பார்க்காதபோது முதுகு சொறிய, எல்லாவற்றுக்கும் அதுதான். கம்ப்யூட்டர் வந்த பிறகும் திரைமேல் அதை வைத்து அளந்து பார்ப்பாள்.

"அக்கா, ஸ்கிரீன்ல கீறல் விழுந்துடும்" என்று பக்கத்து மேசைக்காரர் பதறுவார்.

"விழட்டும். உன் மெஷின்மேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரலப்பா."

அவள் கணவர் ஊர் ஓரத்துக் கழிவுநீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். நிலையத்துக்குப் பின்னால் பதினோரு ஏக்கர் சதுப்பு, நாணலும் கோரையுமாக மண்டிக் கிடந்தது. ஒரு மீட்டர் குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் நடுவே அவர் பின்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். மோட்டார் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், 'நீர்க்கோழிக் குஞ்சு ஆறு. நேற்று ஏழு' என்று எழுதிவைத்து இன்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன்பிறகு தனியாக ஒரு நோட்டு வாங்கினார். பதினோரு வருடம் அதில் எழுதினார். சாப்பிடும்போது, சொந்தக்காரர் வீட்டுச் சேதி போல அதையெல்லாம் சொல்வார்.

"எனக்கு ஜுரம் வந்தப்ப இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்று அவள் கேட்பாள்.

"உனக்கு நான் இருக்கேன். அதுங்களுக்கு யாரு?"

அந்த வருடம் நகருக்குப் புது மாஸ்டர் பிளான் தயாரானது. திட்ட அலுவலர் பதினாலாம் தாளை அவள் மேசையில் விரித்து, நீல நிறத்தில் இருந்த சதுப்பின்மேல் விரலை வைத்தார். நீலம் என்றால் நீர்நிலை.

"இத மஞ்சளா மாத்திடுங்க. குடியிருப்பு."

"சார், அது தண்ணி நிக்கிற இடம்."

"மழை பேஞ்சா எங்கம்மா தண்ணி நிக்கல? மேலேருந்து சொல்லிட்டாங்க. மாத்துங்க."

மாற்றினாள். அரை நிமிட வேலை. தாளின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் வழக்கம்போல் சுருக்கொப்பம் போட்டாள். மாலை வீட்டுக்கு வந்தும் கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் ஆட்சேபம் கேட்பார்கள், யாராவது எதிர்ப்பார்கள், மறுபடி நீலமாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. அவர் பறவைக் கதை சொல்லும்போதெல்லாம் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

பத்திரிகையில் அறிவிப்பு வந்த அன்று அவர் கேட்டார். "உங்க ஆபீஸ்ல யாரு பண்ணினது இத?"

"யாரோ மேலிடம்" என்றாள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் நகராட்சி மன்றத்தில் நடந்தது. தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அவர் நோட்டோடு வந்து பதினாலாம் தாள் முன்னால் நின்றார். மூலையில் இருந்த சுருக்கொப்பத்தைப் பார்த்தார். திரும்பி, ஊழியர் வரிசையில் இருந்த மனைவியை ஒரே ஒருமுறை பார்த்தார்.

அவர் முறை வந்தது. கொக்கு எத்தனை, நாரைக் கூடு எத்தனை, ஆமை எத்தனை என்று வருடவாரியாகப் படித்தார்.

"நீங்க பறவை ஆராய்ச்சி பண்றவரா?" என்று திட்ட அலுவலர் கேட்டார்.

"இல்லீங்க. பம்ப் ஆபரேட்டர்."

சிலர் சிரித்தார்கள்.

"அது நீர்நிலைன்னு பழைய வரைபடம் எதுலயாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க."

மூன்று நாற்காலி தள்ளித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத் தெரியலீங்க" என்று நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். மனைவியைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது. எழுந்துவிட்டாள்.

"இருக்கு சார். பழைய தாள்ல அது நீலம். மஞ்சளா மாத்தினது நான்."

திட்ட அலுவலர் எழுந்துபோய்ப் பதினாலாம் தாளின் மூலையைப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவளைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள். அவள் சொன்னதைக் கருத்துக்கேட்புக் குழு குறித்துக்கொண்டது. ஆனால் கடைசி ஆணையில், சதுப்பின் ஓரத்து வாய்க்காலை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மட்டும் 'பாதுகாக்கப்பட்ட பசுமைப் பகுதி' என்று மிஞ்சியது. மீதியில் லாரி லாரியாக இடிபாட்டு மண் கொட்டினார்கள். கோரை அமுங்கிய இரண்டாம் நாளே நாரைகள் போய்விட்டன.

வீட்டில் அவர் கோபப்படவில்லை. சாப்பிடும்போது சேதி சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஒரு தடவ திட்டியாவது தொலைங்களேன்."

"திட்டி என்ன ஆகப்போகுது? ரெண்டு மாசம் அத தனியாச் சுமந்திருக்க. எங்கிட்ட சொல்லலாம்னு உனக்குத் தோணவே இல்லையே. அதான் வலிக்குது."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வருடம், முட்டையிடும் பருவத்தில், ஆமைகள் சதுப்பின் கரையில் வழக்கமாக முட்டையிடும் மணல்மேட்டைத் தேடி ரோட்டில் நடக்கத் தொடங்கின. மேடு இருந்த இடத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சில ஆமைகள் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப் போயின. அவள் லீவு போட்டாள். விடியற்காலையில் இருவரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளியோடு போய், கண்ணில் பட்டவற்றை எடுத்துவந்து வாய்க்கால் ஓரத்தில் விட்டார்கள். ஒன்றிரண்டு மறுநாளே பழைய வழியில் திரும்பி நடந்தன.

ஒருநாள் காலை, கட்டடத்து வாசலில் ஓர் ஆமை பின்னங்கால்களால் சிமென்டைப் பறித்துக்கொண்டிருந்தது. காவல்காரர் வேடிக்கை பார்த்தார். தூக்கலாமா என்று அவள் குனிந்தாள். "இரு, முட்டை போட ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அவர். தரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்த வெறும் சிமென்டின்மேல் அது மூன்று முட்டை போட்டது. இரண்டு உருண்டு விரிசல் கண்டன.

நல்லதாக இருந்த ஒன்றை அவள் முந்தானையில் ஏந்தி எடுத்துப்போய் வாய்க்கால் கரையில் புதைத்தாள். அவர் சுற்றிலும் கல் அடுக்கினார். எழுபது நாள் பொறுத்துத் தோண்டிப் பார்த்தார்கள். பொரிந்திருக்கவில்லை. அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.