மாமா தொலைத்த டெபாசிட்

டெபாசிட் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று மூன்றாம் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால், கும்மிடிப்பூண்டியில் ஒரு வங்கியைத் தனியாளாகக் கவிழ்க்கப் பார்த்தவன் என்ற பெருமை எனக்குக் கிடைத்திருக்காது.

அது என் தாய்மாமாவின் வங்கி. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்; உண்மையில் தொழிற்பேட்டை ஆட்களும் மீனவர்களும் சேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவு வங்கி, மாமா அதன் தலைவர். அதற்கு முன் எம்.எல்.ஏ. அதற்கும் முன் பத்திரிகை நிருபர். கம்பெனிக் கழிவு ஏரியில் கலப்பதை விடாமல் எழுதி, அந்தப் பெயரிலேயே சட்டசபைக்குப் போனவர். அடுத்த தேர்தலில் அதே ஊர் அவரை வீட்டுக்கு அனுப்பியது. இவர் இருந்தால் கம்பெனியை மூடிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

முடிவு வந்த அன்று டீக்கடையிலிருந்து எங்கள் தெருக் குழாயடி வரைக்கும் ஒரே பேச்சு: “டெபாசிட்டே பூட்ச்சாமே.” மாமா எதையோ எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டார் என்று நான் புரிந்துகொண்டேன். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வருகிற மனிதர்தானே.

வங்கி திறந்த வாரம், அப்பாவின் போனஸை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன், காரணம் அந்த முடிச்சுக்குள்தான் என் சைக்கிள் இருந்தது. பரோட்டாக் கடைக்கு மேலே, மாடியில் வங்கி. வரிசை படிக்கட்டைத் தொட்டது. மாமா எழுந்து எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இங்க இன்னாத்துக்கும்மா வந்தோம்?”

“மாமாகிட்ட டெபாசிட் போடுறோம்டா. சும்மா நில்லு.”

டெபாசிட். அதுவும் மாமாவிடம். முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினேன்: “குடுக்காதம்மா. மாமா ஏற்கெனவே டெபாசிட்ட தொலச்சிட்டாரு. ஊரே சொல்லுது.”

வரிசை அப்படியே நின்றது. எங்களுக்கு முன்னால் நின்ற வெல்டர் அண்ணன் சட்டைப் பையை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்னால் இரண்டு பேர் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதற்கும் சேர்த்து அழுதேன்.

மாமா வந்தார். மைக்கைக் கொடுத்தால் மணிக்கணக்கில் பேசுகிறவர், என் முன்னால் குந்தி உட்கார்ந்து, எனக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னார்: “ஆமாண்டா, பூட்ச்சு. அது என் துட்டு. இது உங்கம்மா துட்டு. இத தொலைக்கிறதுக்கு நான் யாரு?”

வெல்டர் அண்ணனின் கை பையிலேயே இருந்தது. மாமா குந்தியபடியே இருந்தார். அப்போது ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த மீன்கார அம்மா ஒருவர், காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெல்டரை முழங்கையால் ஒதுக்கினார்.

“நவுருப்பா. வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா வழிய வுடு.” மீன் விற்கிற வாய்ப் பழக்கம். பிறகு மாமாவைப் பார்த்தார். “உனுக்கு நான் ஓட்டு போடல நைனா, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்றேன். இது எம் பொண்ணு கல்யாணத் துட்டு. உன்னாண்ட இருந்தாதான் எனுக்குத் தூக்கம் வரும்.”

வெல்டர் அண்ணன் பையிலிருந்து கையை எடுத்தார். படிக்கட்டில் கால் வைத்தவர்கள், ஏதோ காற்று வாங்கப் போனவர்கள்போலத் திரும்பி வந்து நின்றார்கள்.

மாமா எழுந்தார். “இன்னா சொன்னீங்க?” என்றார். அந்த அம்மா மறுபடி சொன்னார். “இன்னொருவாட்டி சொல்லுங்கம்மா.”

“இன்னாடா பேஜாரு, காது கேக்காதா உனுக்கு?” என்று அலுத்துக்கொண்டே அவர் முழுவதையும் மீண்டும் ஒருமுறை சொன்னார். மாமா தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மாவிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். டெபாசிட்தான் போச்சு என்று பார்த்தால், பாவம், மாமாவுக்குக் காதும் போய்விட்டது. இனி அவரிடம் என் சைக்கிளைத் திருப்பிக் கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு சத்தமாகக் கத்த வேண்டியிருக்குமோ.