ஆளுக்குப் பதினைந்து நாள்

கல்லூரி வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது ஓய்வு நேரம் மாதிரி. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் பெயர் வந்துவிட்டால்தான் நிஜமான உத்தியோகம் ஆரம்பம். என்னைப் போல அதில் மாட்டிக்கொண்டு விழித்த சகாக்களே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தீர்ப்புச் சொன்ன அழகைக் கேளுங்கள்.

ஸ்டூலும் பல்லும்

ஜோசப் கென்யாவிலிருந்து வந்து படித்த பையன். இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல்வாசி. அவன் கேன்டீனுக்குள் நுழைந்தால் போதும், ரமேஷ் என்கிற அம்பத்தூர்ப் பையனும் கூட்டாளிகளும் குரங்கு மாதிரிக் குரல் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் நடந்த கூத்து. என் காதிலும் விழுந்திருக்கிறது. டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை ஜோசப் திரும்பி நின்று "ஏன்?" என்று கேட்டான். ரமேஷ் இரும்பு ஸ்டூலைத் தூக்கி அடித்தான். ஜோசப்புக்குப் புருவத்தில் நான்கு தையல். ஜோசப் திருப்பி விட்ட குத்தில் ரமேஷுக்கு முன்பல் ஒன்று போனது.

விசாரிக்கப் போனேன். கேன்டீன் மாஸ்டர் தன் கையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ளய கருப்பான்னு கூவுறானுங்களே, நம்மள மட்டும் இன்னா சார், வெண்ணெயிலயா செஞ்சி வெச்சிகீது?"

தையல் கணக்கு

குழுவில் ஐந்து பேர், இரண்டு மணி நேர விவாதம். ரமேஷை மட்டும் தண்டித்தால் பையன்கள் ஸ்டிரைக்கில் இறங்குவார்கள் என்றார் வார்டன். கடைசியில் ஆளுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன் என்று வந்து நின்றது. இரண்டு பக்கமும் ரத்தம், இரண்டு பக்கமும் தண்டனை. மாதக்கணக்கில் ஜோசப்பைக் கேலி செய்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டேன். துணை முதல்வர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "வாயால சொன்னதுக்கு எங்க சார் தையல் போட்டிருக்கு?"

எந்த பஸ்?

ஆர்டரில் கையெழுத்துப் போட்டேன். சஸ்பெண்ட் ஆனவன் வளாகத்துக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. வீட்டிலிருந்து வந்துபோகிற பையன்களை நினைத்து எழுதியது. ஹாஸ்டலும் அதே வளாகத்துக்குள்தான் இருக்கிறது என்பது ஐந்து படித்த மண்டைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆர்டரைக் கொடுத்தேன். ஜோசப் இரண்டு முறை படித்தான். பிறகு மெஸ்ஸில் கற்ற தமிழில் கேட்டான்: "ரமேஷ் வீடு அம்பத்தூர். என் வீட்டுக்கு எந்த பஸ், சார்?"

கேட்டுக்கு வெளியே

பூந்தமல்லியில் என் வாடகை வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

மத்தியானம் ஜோசப் கேட்டுக்கு வெளியே டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். சஸ்பென்ஷன் சேதி கேட்டு ரமேஷின் அப்பா மாணிக்கம் ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. மகனுக்காகச் சண்டைக்கு வருகிறார் என்று நான் இரண்டடி பின்வாங்கினேன். அவரோ தையலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வாட்ச்மேனிடம் விவரம் கேட்டார். "நான் ரமேஷு அப்பா. எங்கூட வர்றியா நைனா?" என்றார். ஜோசப் வெகுநேரம் யோசித்துத்தான் எழுந்தான். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மாணிக்கம் என் பக்கம் திரும்பினார்: "எம் புள்ளைக்கு லீவு, இந்தப் புள்ளைக்கு ரோடா? இன்னா சார் தீர்ப்பு இது? இவன் ரமேஷு கட்டில்ல படுக்கட்டும், அவன் தரையில படுத்துகினு யோசிக்கட்டும்!"

பதினாறாம் நாள்

ஜோசப் திரும்பி வந்தான். கேன்டீனில் குரங்குக் குரல் நின்றிருந்தது. ஆனால் அவன் மேஜைக்கு யாரும் வரவில்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்து, ரமேஷ் வீட்டில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அம்மா நல்லா சாப்பாடு போட்டாங்க சார். ரமேஷ் பதினஞ்சு நாளும் எங்கிட்ட பேசலை," என்றான். டீ டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தான். "நீங்களும் வரலை, சார்."

ஆக, அந்த விவகாரத்தில் ஒரு நாள் தண்டனைகூட இல்லாமல் தப்பித்தது, விசாரணை நடத்திய நான்தான்.